போண்டாவில் வரும் போ

சர்ர்ரென்று ஒரு சத்தம். முதலில் அதுதான். நான் கண்ணைத் திறக்கவில்லை. ராத்திரி வேலைக்காரன் பகலில் படுத்தால் எதற்கும் கண்ணைத் திறக்கக் கூடாது சார். திறந்தால் அன்றைய தூக்கம் போச்சு. காதை மட்டும் விழிக்கவிட்டுக் கிடந்தேன். மறுபடியும் சர்ர். தையல் மெஷின் இல்லை, அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குவதே. கத்தரிக்கோலும் இல்லை. ஜிப். பெரிய ஜிப். இந்த வீட்டில் அத்தனை நீளத்துக்கு ஜிப் வைத்த பொருள் எதுவும் கிடையாதே என்று எழுந்து வந்து பார்த்தால், கூடத்துச் சுவரில் ஒரு முதுகுப்பை மனுஷன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. என் மனைவி இந்திராணி அதன் வயிற்றுக்குள் நைட்டியைத் திணித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னாடி இது?"

"நீங்கதானே போயேன்னு சொன்னீங்க?"

இருங்கள், முறையாகச் சொல்கிறேன். நீங்கள் அவளைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? உட்காருங்கள். வெளிப்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு பிளவுஸ் கொடுக்கப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். நூலக வாசகர் வட்டம் என்றீர்கள். அவள் போய்வந்த நாடுகளைப் பற்றி உங்கள் கூட்டத்தில் பேச வேண்டும். நல்லது சார், ரொம்ப நல்லது. நான் அந்த நூலகத்தில் உறுப்பினரானபோது நீங்கள் செயலாளர் இல்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவரும் இல்லை. அந்த அலமாரிகளில் நான் பிரிக்காத புத்தகம் சமையல் புத்தகம் மட்டும்தான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நன்றியுரை சொல்லக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொல்கிறேன்.

நான் அக்கரைப்பேட்டை ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஆபரேட்டர். கலியமூர்த்தி என்று கேட்டால் துறைமுகத்தில் யாரும் சொல்வார்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். பிரஷரைப் பார்க்க வேண்டும். அமோனியா வாடை அடிக்கிறதா என்று மூக்கைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். போட்டுக்காரர்கள் வருவதற்குள் ஐஸ் கட்டிகளைக் கழற்றித் தள்ள வேண்டும். மற்ற நேரமெல்லாம் படிப்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. படிப்பை நான் விடவில்லை.

எனக்கு லண்டன், அமெரிக்கா ஆசையெல்லாம் கிடையாது சார். பக்கத்து நாடுகள். நேபாளம், பூட்டான், பங்களாதேஷ், பர்மா. விமானத்தில் இல்லை, தரையோடு. ரயிலில் போய், பஸ் மாறி, எல்லையில் இறங்கி, முதுகில் பையோடு நடந்து தாண்ட வேண்டும். நம் கோயில்களும் அவர்கள் விகாரைகளும் எங்கே கை கோத்தன, எங்கே விட்டன என்று நேரில் பார்க்க வேண்டும். ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். படித்து முடிக்காமல் போய் என்ன செய்வது? பர்மா இன்னும் பாக்கி இருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு ஒரு ஊர். போக்ரா.

ஒரு பழைய மாதப் பத்திரிகையில் நேபாளப் பயணக் கட்டுரை ஒன்று. போக்ரா என்ற ஊரில் பெரிய ஏரி இருக்கிறது, மழை பெய்து விட்ட காலையில் பனிமலை அந்தத் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும் என்று எழுதியிருந்தது. இன்னொன்று, அட்டை கிழிந்த புத்தகம், பழைய பௌத்த விகாரைகளைப் பற்றி. போக்ராவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மகா விகாரை, அத்தனையும் செங்கல், நடுவில் குன்று மாதிரி கோயில், சுற்றிலும் பிக்குகள் தங்கிய அறைகள் என்று அதில் இருந்தது. நம் நாகப்பட்டினத்திலும் விகாரை இருந்தது, தெரியுமல்லவா? ராஜராஜன் காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜா கட்டியது. அதில் மிச்சமிருந்த செங்கல் கோபுரம் வெள்ளைக்காரன் காலம் வரைக்கும் கப்பலுக்கு அடையாளமாக நின்றது. இடித்துவிட்டார்கள். நம் ஊரில் இல்லாமல் போனது அங்கே நிற்கிறது என்று படித்த நாளிலிருந்து எனக்கு அந்த ஊர்தான்.

சாப்பிடும்போதெல்லாம் இவளிடம் சொல்வேன். மேலே பனி, நடுவில் செங்கல் விகாரை, கீழே ஏரி. வெள்ளையும் சிவப்பும் ஒரே தண்ணீரில் ஆடும். இவள் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்பாள். "பனியா? நீங்கதான் தெனம் டன் கணக்குல பாக்குறீங்களே, அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய ஆசை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் 'போயேன்'. ஜெசிந்தா டீச்சர் என்று ஒருவர், ரிட்டயர் ஆனவர், இவளிடம்தான் பிளவுஸ் தைப்பார். அவர் தரைமார்க்கமாக நேபாளம் போவதாக இருந்தார். கூட வர வேண்டிய தங்கைக்கு உடம்புக்கு முடியவில்லை. "நீ வர்றியா இந்திராணி?" என்று இவளைக் கேட்டிருக்கிறார். இவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நான் போவட்டுங்களா?" என்றாள். நான் "போயேன்" என்றேன்.

சார், நீங்களும் குடும்பஸ்தர். 'போ' என்றால் போ. 'போயேன்' என்றால்? அதுவும் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னால்? எங்கே, போய்ப் பாரேன் என்று அர்த்தம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் அகராதி அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். மகன் சிங்கப்பூர் போனால் நம்மைக் கூப்பிடுவான் என்று ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தோம். அவன் ஓசூரோடு நின்றுவிட்டான். அது இவளுக்குத் தோதாகப் போயிற்று.

பையைப் பார்த்த பிறகு என்ன சொல்ல முடியும்? ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன். "அந்த ஊர்ப் பேரை ஒழுங்கா உச்சரி. போதும்ல வர்ற போ இல்ல. போண்டாவுல வர்ற போ. தப்பாச் சொன்னா வேற எங்கயாவது ஏத்திவுட்டுடுவான்." வடக்கத்திப் பெயரென்றால் அழுத்தித்தான் சொல்ல வேண்டும் சார். "டீச்சர் போதும்னுதாங்க சொல்றாங்க" என்றாள். "டீச்சருக்கு என்ன தெரியும்? அவங்க கணக்கு டீச்சர்" என்றேன்.

போனாள். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து எல்லைக்கு பஸ். அந்த எல்லையை நான் எத்தனை தடவை மனதில் தாண்டியிருப்பேன்! இவள் போனில் சொல்கிறாள்: "கொய்யாக்கா தின்னுக்கிட்டே நடந்தோங்க. ஒரு வளைவு இருந்துச்சு. அதுக்கு அந்தப் பக்கம் போனதும் இதான் நேபாளம்னாங்க." நாடு மாறிவிட்டது சார், இவளுக்குக் கொய்யா தீரவில்லை.

லும்பினி. புத்தர் பிறந்த இடம். "அசோகர் தூணைப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"எழுத்து இருக்குமே?"

"இருந்துச்சு. ஆனா ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட உக்காந்திருந்துச்சுங்க. அந்தத் தூணு நெழலு ஒல்லியா நீட்டமா வுழுதா, கொழந்தை தலைய மட்டும் அந்த நெழல்ல வெச்சுக்கிட்டு, நெழலு நவுர நவுர அதுவும் நவுந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

இதற்காகவா அசோகர் தூண் நட்டார்? கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டால் வரிக்கு வரி சொல்லியிருப்பேன். இந்தக் குழந்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அது தெரியாததால் அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பொறாமை என்று நினைக்காதீர்கள். பொறாமை இல்லை. தகுதி என்று ஒன்று இருக்கிறது இல்லையா, அதைச் சொல்கிறேன்.

பிறகு போக்ரா. போய்ச் சேர்ந்த அடுத்த நாள் மழை பெய்து விட்டிருக்கிறது. காலையில் போன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஏங்க, நின்னுச்சுங்க. நீங்க சொன்ன மாதிரியே. தண்ணிக்குள்ள தலைகீழா. மேகம் வந்து மூடுற வரைக்கும் நானும் டீச்சரும் கரையிலயே நின்னுட்டோம்."

"அதை வுடு. விகாரை?"

"விகாரைதாங்க கெடைக்கல."

"ஒழுங்காக் கேட்டியா?"

"போண்டாவுல வர்ற போவாத்தான் கேட்டேன். படகுக்காரரு, டீக்கடைக்காரம்மா, மலை மேல ஒரு பிக்கு, எல்லாரையும் கேட்டுட்டேன். எல்லாம் சிரிக்குது."

"மலை மேல பிக்கு இருக்காருன்னா விகாரையும் இருக்குதானே?"

"அது வெள்ளையா புதுசா கட்டியிருக்காங்க."

"புதுசை யாரு கேட்டா?" என்று வைத்துவிட்டேன். பாருங்கள், மலையும் ஏரியும் கண்ணுக்கு எதிரே வந்து நின்றிருக்கிறது. ஒரு விகாரையை, மலையத்தனை பெரிய விகாரையை, இவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் போயிருந்தால்? கேட்கவே வேண்டியதில்லை. நேராக நடந்திருப்பேன்.

மறுநாள் ஒரு குரல்பதிவு வந்தது. இப்போதும் போனில் இருக்கிறது, அழிக்கவில்லை. அவர்கள் தங்கியிருந்த லாட்ஜில் ருக்சானா என்று டாக்காவிலிருந்து ஒரு நர்ஸ், தங்கைகளோடு வந்திருக்கிறாள். சாப்பிடும் இடத்தில் இவள் போண்டாப் போவை அழுத்தி, போக்ரா, போக்ரா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்து எழுந்து ஓடிவந்திருக்கிறாள். அது எங்கள் சித்தி ஊர் ஆயிற்றே என்று. டீச்சர்தான் நடுவில் மொழிபெயர்ப்பு.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க," என்று ஆரம்பிக்கிறாள் இந்திராணி. "அது ரெண்டு ஊருங்க. நேபாளத்துல இருக்குறது போதும்ல வர்ற போ. போண்டாவுல வர்ற போ பங்களாதேஷ்ல இருக்கு. விகாரை அதுக்குப் பக்கத்துலதானாம். நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே போதானே, நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க."

பின்னால் டீச்சர் சிரிக்கிற சத்தம் கேட்கிறது சார். கணக்கு டீச்சர்.

இது என் தவறா? எழுதினவன் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கலாம். நான் அந்தக் கிழிந்த புத்தகத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தேன். 'கிழக்கு வங்கம்' என்றுதான் போட்டிருந்தது. அதை நான் கவனிக்காமல் இல்லை. எல்லைகள் மாறிக்கொண்டேதானே இருக்கின்றன, அந்தக் காலத்தில் அப்படி இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். படிக்கிறவன் எல்லோரும் அப்படித்தான் செய்வான்.

அவர்கள் ஜனக்பூரில் சீதை கோயிலைப் பார்த்துவிட்டு, நேபாளத்தின் கிழக்கு எல்லையில் இறங்கி, நம் பக்கம் சிலிகுரிக்கு வந்தார்கள். டீச்சருக்கு முழங்கால் வீங்கிவிட்டது, அங்கிருந்து ஊருக்கு ரயிலேறிவிட்டார். இவளும் ஏறியிருக்கலாமல்லவா? ஏறவில்லை. போன் பண்ணினாள்.

"பங்களாதேஷுக்கு விசா எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க பொறப்பட்டு வாங்க. வர்ற வரைக்கும் இங்க லாட்ஜ்ல இருக்கேன். உங்களுக்கும் இங்கயே எழுதிக் குடுத்துக்கலாமாம்."

"எதுக்கு?"

"நீங்க சொன்ன ஊரைப் பாக்கத்தானே நான் வந்ததே? பாதிதான் பாத்திருக்கேன். மீதியச் சேந்து பாப்போம்."

பாருங்கள், எப்படிப் பேசுகிறாள். பாதி பார்த்துவிட்டாளாம். மீதியை எனக்குப் பங்கு தருகிறாளாம்.

அப்போது மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில் கிடந்தது, கம்பெனியும் அரை ஓட்டம்தான். ஆனாலும் பிளாண்ட்டைச் சும்மா விட முடியுமா? முதலாளி மரைக்காயரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்வார், 'ஐயோ கலியமூர்த்தி, நீங்க இல்லாம எப்படி' என்பார் என்றுதானே நிற்பேன்? அவர், "அட, தாராளமா போய்ட்டு வாங்க. தடைக்காலம்தானே, நான் ஆளப் பாத்துக்குறேன்" என்கிறார். ஆளைப் பார்த்துக்கொள்வாராம்! கேட்ட வாயோடு ஆள் கிடைக்கிற வேலையா சார் என்னுடையது? அந்த அமோனியா வாடைக்கு என் மூக்கு பழகியதற்கு என்ன மரியாதை? இவளிடம், முதலாளி விடவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் விட்ட விதத்துக்கு அது விடாத மாதிரிதான்.

உண்மையாகவே கேட்கிறேன், நான் அங்கே போய் என்ன செய்வது? இவள் முன்னால் நடப்பாள். பாஷை தெரியாமலே ஊர் முழுக்கப் பேசுவாள். பஸ்காரன் இவளுக்கு இடம் போடுவான், ருக்சானா இவளைக் கட்டிக்கொள்வாள். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். இத்தனை காலம் நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஊரை, 'இங்க பாருங்க, அங்க பாருங்க' என்று எனக்கே சுற்றிக்காட்டுவாள். தேவையா?

காத்திருந்தாள். தினம் ஒரு தடவை, "கேட்டுப் பாத்தீங்களா?" என்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். விசா வந்ததும் சாங்ராபாந்தா என்ற இடத்தில் எல்லை தாண்டிவிட்டாள். தனியாக. நாகப்பட்டினத்தில் பிளவுஸ் தைக்கிறவள். ருக்சானா சித்தி ஊர் பஸ் நிலையத்தில் வந்து நின்றிருக்கிறாள், சித்தி வீட்டில் மீன்குழம்பாம், நம் ஊர் ருசி இல்லையாம்.

அடுத்த நாள் மத்தியானம் நான் படுத்திருந்தேன். தலைமாட்டில் போன் அதிர்ந்தது. கண்ணைத் திறக்காமலே தெரியும், வீடியோ கால். விகாரை முன்னால் நின்றுகொண்டு கூப்பிடுகிறாள். அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. சார், நான் தூங்க வேண்டுமா இல்லையா? ராத்திரி வேலை இருக்கிறதா இல்லையா?

அப்புறம் படம் அனுப்பினாள். பாதிப் படத்தில் அவள் கட்டைவிரல். மீதியில் செங்கல். சிவப்பு என்றால் சிவப்பு, நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கறுத்த சிவப்பு. கூடவே குரல்: "பெருசுங்க. நடுவுல மேடு மாதிரி நிக்குது. சுத்தி ரூமு ரூமா அடித்தளம் மட்டும் இருக்கு, வெட்டி வெச்ச துணி மாதிரி சதுரம் சதுரமா. சுவத்துல மண்ணுல செஞ்ச பொம்மைங்க, மீனு, கொரங்கு, வயிறு ஒட்டுன சாமியாரு. தொட்டுப் பாக்கக் கூடாதாம். நான் உங்களுக்காவ ஒரு செங்கல்ல லேசா கைய வெச்சுட்டேன், காவக்காரரு பாக்கல." எனக்காகவாம். என் கை இங்கே இருக்கிறது, அது எப்படி எனக்காக ஆகும்?

வந்து சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டில் கூட்டம்தான். பிளவுஸ் அளவு கொடுக்க வருகிறவள் ஜாக்கெட்டை மறந்துவிட்டு நேபாளம் கேட்கிறாள். இவளும் சொல்கிறாள். சும்மா சொல்ல வேண்டியதுதானே? பேச்சுக்குப் பேச்சு, "இவருதான் சொன்னாரு, இவருதான் சொன்னாரு" என்று என்னை இழுக்கிறாள். ரெண்டு ஊரையும் ஒன்றாக்கியது நான்தான் என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாமா, அதற்கு. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். இப்போதுகூட நீங்கள் கூப்பிட்ட சத்தத்தில் துவைத்த துணியை வாளியோடு விட்டுவிட்டு வந்தேன். கிடக்கட்டும்.

இதோ, வந்துவிட்டாள்.

இந்திராணி, சார் வாசகர் வட்டத்திலிருந்து வந்திருக்கிறார். உன்னைப் பேசக் கூப்பிடுகிறார், உன்னைத்தான். என்ன விழிக்கிறாய்? உட்கார்ந்து பதில் சொல்லு.

"நான் என்னங்க பேசுறது சார்? எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்ல. ரெண்டு ஊரும் நல்லாத்தான் இருக்கு. பனிமலையப் பாக்குறப்ப இங்க செங்கல் இல்லையேன்னு இருந்துச்சு. செங்கல்லு முன்னாடி நிக்குறப்ப தண்ணி இல்லையேன்னு இருந்துச்சு. இவரு சொன்ன ஊர்ல எல்லாமே இருந்துச்சு சார். அந்த ஊருதான் ரெண்டு நாட்டுலயும் இல்ல. அத இவரு சொன்னாத்தான் கேக்க நல்லாருக்கும். இவரப் பேசச் சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்து, போற வழி மட்டும் சொல்றேன்."

கேட்டீர்களா சார்? இதைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன். எப்படிக் குத்துகிறாள் பாருங்கள், வந்த ஆளுக்கு முன்னால் வைத்து. இல்லாத ஊரைப் பற்றி நான் மேடையேறிப் பேச வேண்டுமாம், எல்லோரும் சிரிப்பதற்கு.

நீங்கள் ஏன் சார் சிரிக்கவில்லை?

அவளும் சிரிக்கவில்லையே.

... தலைப்பா? நோட்டீசுக்கு இப்போதே வேண்டுமா? 'இரண்டு ஊர்கள்' என்றெல்லாம் வேண்டாம். 'போக்ரா' என்று போடுங்கள், போதும். எந்தப் போ என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நம் எழுத்தில் அது ஒன்றுதான். பேசுகிறவர்களில் அவள் பெயரை முதலில் போடுங்கள். போனவள் அவள். அதற்குக் கீழே என் பெயர். ரொம்பச் சின்ன எழுத்தாக வேண்டாம்.

சரி, நீங்கள் நாளும் நேரமும் அவளிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அவளை டீ போடச் சொல்கிறேன். நான் பின்பக்கம்தான் இருப்பேன். வெயில் இறங்குவதற்குள் அந்தத் துணியைக் காயப்போட வேண்டும். இந்திராணி, கிளிப்பெல்லாம் எங்கே வைத்தாய்? இருக்கட்டும், இருக்கட்டும், நீ பேசு. நானே எடுத்துக்கொள்கிறேன்.